ஐந்து மதிப்பெண் கேள்விக்குள் ஒரு ஐம்பது வருடக் கதை

போன செமஸ்டர் தேர்வில் ஒரு கேள்வி வந்தது. நரம்பு வளர்ச்சிக் காரணி பற்றிச் சிறு குறிப்பு வரைக, ஐந்து மதிப்பெண். நானும் எழுதினேன். அது ஒரு புரதம். 118 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலிகள் இரண்டு சேர்ந்தது. உணர்வு நரம்பு செல்களும் பரிவு நரம்பு செல்களும் வளர, உயிரோடு இருக்க அது தேவை. கண்டுபிடித்தவர்கள் ரீட்டா லெவி-மொன்டால்சினி, ஸ்டான்லி கோஹன். நோபல் பரிசு 1986. ஐந்து வரி, ஐந்து மதிப்பெண், வேலை முடிந்தது.

தேர்வு முடிந்த பிறகு நூலகத்தில் வேறு எதையோ தேடப் போய் இந்தக் கதையில் மாட்டிக்கொண்டேன். நான் ஐந்து வரியில் எழுதித் தள்ளியதற்குப் பின்னால் ஐம்பது வருடம் இருக்கிறது. ஒரு உலகப்போர், இரண்டு அகதிகள், ஏகப்பட்ட கோழி முட்டைகள், புற்றுநோய் கட்டி, பாம்பு விஷம், எலியின் எச்சில் சுரப்பி எல்லாம் இருக்கிறது. அதோடு என் விடைத்தாளில் இல்லாத ஒரு பெயரும் இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொண்டு படியுங்கள் :)

முதலில் கேள்வி என்ன?

நரம்பு மண்டலத்தைப் படிக்க இரண்டு பக்கமிருந்து போகலாம். ஒன்று மேலிருந்து: மூளையை முழுதாக எடுத்துக்கொண்டு எந்தப் பகுதி என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பது. இன்னொன்று கீழிருந்து: ஒரு செல், அதற்குள் இருக்கும் ஒரு மூலக்கூறு என்று ஆரம்பிப்பது. இரண்டாவது வழிக்கு அஸ்திவாரம் போட்டவர் ஸ்பெயின் நாட்டு சான்டியாகோ ராமோன் இ கஹால். இத்தாலியரான கமில்லோ கோல்ஜி கண்டுபிடித்த வெள்ளிச் சாய முறையைக் கையில் எடுத்து, 1888-லிருந்து அவர் வெளியிட்ட ஆய்வுகளில் ஒரு விஷயத்தைக் காட்டினார். நரம்பு மண்டலம் ஒரே பின்னலான வலை அல்ல, தனித்தனி செல்களால் ஆனது. கோல்ஜி இதைக் கடைசிவரை ஏற்கவில்லை. 1906-ல் இருவருக்கும் சேர்த்தே நோபல் கொடுத்தார்கள் என்பது தனி வேடிக்கை.

தனித்தனி செல்கள் என்று ஒப்புக்கொண்டால் உடனே அடுத்த கேள்வி வருகிறது. தண்டுவடத்தில் இருக்கும் ஒரு செல்லின் இழை கால் விரல் வரைக்கும் போகிறதே, அதற்கு யார் வழி சொன்னது? கைக்கு இத்தனை, காலுக்கு இத்தனை, கழுத்துக்கு இத்தனை என்று நரம்பு செல்களின் எண்ணிக்கையை முடிவு செய்வது யார்? கைகால் உள்ள இடத்தில் தண்டுவடம் தடித்திருக்கிறது, மற்ற இடத்தில் மெலிந்திருக்கிறது. இது எப்படி?

இதைக் கேட்க மனித மூளை தேவையில்லை. கோழி முட்டை போதும். 21 நாளில் குஞ்சு பொரிக்கிறது, ஓட்டில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டினால் உள்ளே கரு தெரியும், அறுவை செய்துவிட்டு மூடி வைத்தால் மறுபடி வளரும். விலையும் மலிவு. பிற்பாடு போர்க்காலத்தில் இந்த மலிவுதான் கதையைக் காப்பாற்றியது.

ஹாம்பர்கரின் இறக்கை இல்லாத குஞ்சு

விக்டர் ஹாம்பர்கர் 1900-ல் ஜெர்மனியில் பிறந்தவர். கருவியலில் நோபல் வாங்கிய ஹான்ஸ் ஸ்பீமனின் மாணவர். 1932-ல் ராக்ஃபெல்லர் உதவித்தொகையில் அமெரிக்காவின் சிகாகோவுக்குப் போனார். ஒரு வருடத்தில் திரும்பிவிடுவதாகத்தான் திட்டம். 1933-ல் ஹிட்லர் ஆட்சி வந்தது. யூத வம்சத்தவர் என்பதால் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் அவருக்கிருந்த வேலை பறிபோனது. ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார். 1935-ல் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

சிகாகோவில் அவர் செய்த பரிசோதனை 1934-ல் வெளியானது. கோழிக் கருவில் இறக்கையாக வளரப்போகும் சின்ன மொட்டை நுண்ணிய கண்ணாடி ஊசியால் வெட்டி எடுத்தார். சில நாள் கழித்து தண்டுவடத்தை வெட்டிப் பார்த்தார். இறக்கை இல்லாத பக்கத்தில் இயக்க நரம்பு செல்கள் குறைவாக இருந்தன. எவ்வளவு தசை போச்சோ அந்த அளவுக்குச் செல்களும் குறைந்திருந்தன.

அவர் விளக்கம் இது: இறக்கையிலிருந்து ஏதோ ஒரு செய்தி தண்டுவடத்துக்குப் போகிறது. அந்தச் செய்தி வந்தால்தான் இன்னும் உருவம் பெறாத செல்கள் நரம்பு செல்களாக மாறும். இறக்கையை வெட்டினால் செய்தி இல்லை, ஆகவே புதிய நரம்பு செல்கள் உருவாகவில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

படுக்கையறையில் ஒரு லேப்

இப்போது இத்தாலிக்குப் போவோம். ரீட்டா லெவி-மொன்டால்சினி 1909-ல் டூரின் நகரில் பிறந்தார். கூடப் பிறந்த இரட்டைச் சகோதரி பாவ்லா பின்னாளில் ஓவியரானார். அப்பா இன்ஜினியர். பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனால் குடும்ப வாழ்க்கை கெடும் என்று நினைத்தவர். குடும்பத்துக்கு வேண்டிய ஒரு பெண்மணி புற்றுநோயில் இறந்தபோது, டாக்டராவது என்று ரீட்டா முடிவெடுத்து அப்பாவைச் சம்மதிக்க வைத்தார். டூரின் மருத்துவக் கல்லூரியில் ஜுசெப்பே லெவி என்ற பேராசிரியரிடம் சேர்ந்தார். (லெவி என்ற பெயர் இருவருக்கும் இருந்தாலும் சொந்தம் இல்லை.) அதே ஆசிரியரிடம் அதே காலத்தில் படித்த சால்வடோர் லூரியா, ரெனாட்டோ டுல்பெக்கோ இருவரும் பிற்பாடு நோபல் வாங்கினார்கள். ஒரு வாத்தியாருக்கு மூன்று நோபல் மாணவர்கள்!

1936-ல் ரீட்டா டாக்டர் பட்டம் பெற்றார். 1938-ல் முசோலினி அரசு இனச் சட்டங்களைக் கொண்டு வந்தது. யூதர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் இல்லை. வேலை போனது. கொஞ்ச காலம் பிரஸ்ஸல்ஸில் ஆராய்ச்சி செய்தார். ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைவதற்கு முன்பு 1940-ல் டூரினுக்கே திரும்பினார்.

வேறு யாராக இருந்தாலும் போர் முடியட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள். அவர் தன் படுக்கையறையை லேப் ஆக்கினார். ஒரு மைக்ரோஸ்கோப், முட்டைக்கு ஒரு சின்ன இன்குபேட்டர். தையல் ஊசியைத் தீட்டித் தீட்டிக் கத்தியாக்கினார். கண் டாக்டர் பயன்படுத்தும் சின்னக் கத்தரிக்கோலும் கடிகாரம் ரிப்பேர் செய்பவரின் இடுக்கியும்தான் மற்ற கருவிகள். வேலை இழந்த பேராசிரியர் ஜுசெப்பே லெவியும் பெல்ஜியத்திலிருந்து திரும்பி வந்து அங்கே சேர்ந்துகொண்டார். நேற்றுவரை மாணவியாக இருந்தவரின் படுக்கையறையில் வாத்தியார் உதவியாளர்!

அந்த 1940 கோடையில் ஒரு கிராமத்துக்குப் போகும் ரயிலில் ரீட்டா ஹாம்பர்கரின் 1934 கட்டுரையைப் படித்தார். கால்நடைகளை ஏற்றும் பெட்டி, பெஞ்சு கிடையாது. தரையில் உட்கார்ந்து, ஒரு பக்கம் வயல்களையும் ஒரு பக்கம் கட்டுரையையும் பார்த்துக்கொண்டு போனதாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதே பரிசோதனையைத் தன் அறையில் செய்து பார்ப்பது என்று முடிவெடுத்தார்.

செய்முறையில் ஒரு வித்தியாசம் இருந்தது. இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மொட்டை வெட்டிய பிறகு கடைசியில் ஒரு தடவை எண்ணிப் பார்ப்பதோடு ரீட்டா நிறுத்தவில்லை. பல கருக்களில் வெட்டி, அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொன்றாக எடுத்து, வெள்ளிச் சாயம் ஏற்றி, வரிசையாக அடுக்கிப் பார்த்தார். ஒரு போட்டோவுக்குப் பதில் சினிமா மாதிரி.

சினிமாவில் கதையே வேறாக இருந்தது. நரம்பு செல்கள் உருவாகாமல் இல்லை. முதல் சில நாட்களில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உருவாகின்றன. இழைகளும் வளர்ந்து வெளியே கிளம்புகின்றன. இறக்கை இருந்திருக்க வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்கின்றன. அங்கே ஒன்றும் இல்லை. அப்புறம்தான் சாகின்றன.

பிறக்கவில்லை என்பதற்கும் பிறந்து இறந்தது என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். கடைசி எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான். ஹாம்பர்கர் எண்ணியதில் தவறே இல்லை. ஆனால் முதல் விளக்கப்படி இறக்கை தருவது, நரம்பு செல் ஆகு என்ற கட்டளை. இரண்டாவது விளக்கப்படி அது தருவது, உயிரோடு இருக்கத் தேவையான ஏதோ ஒன்று. கட்டளையைத் தேடுவது வேறு, சோற்றைத் தேடுவது வேறு. அடுத்த இருபது வருட ஆராய்ச்சி எந்தத் திசையில் போகும் என்பதை இதுதான் முடிவு செய்தது.

இத்தாலியப் பத்திரிகைகளில் யூதர்கள் எழுத முடியாது. அதனால் கட்டுரைகள் 1942, 1943-ல் பெல்ஜியப் பத்திரிகையில் வெளிவந்தன.

குண்டுவீச்சும் ஆம்லெட்டும்

டூரின் மேல் குண்டுகள் விழ ஆரம்பித்ததும் குடும்பம் மலைப்பக்கத்து கிராமத்து வீட்டுக்குப் போனது. லேப் அந்த வீட்டில் ஒரு அறையின் மூலைக்கு மாறியது. முட்டை கிடைப்பதே கஷ்டம். ரீட்டா சைக்கிளில் பண்ணை பண்ணையாகப் போய், குழந்தைகளுக்கு வேண்டும், சேவல் சேர்ந்த முட்டையில்தான் சத்து அதிகம் என்று சொல்லி வாங்கி வருவாராம். கருவை எடுத்த பிறகு மீதி முட்டையை வீணாக்குவதில்லை, அதுதான் வீட்டுக்கு ஆம்லெட். அண்ணன் ஜீனோ ஒருநாள் இந்த வேலையை நேரில் பார்த்துவிட்டு அன்றோடு ஆம்லெட் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாராம் :)

சிரிப்பு அதோடு சரி. 1943 செப்டம்பரில் ஜெர்மன் படை இத்தாலியை ஆக்கிரமித்தது. யூதர்களைப் பிடித்து முகாம்களுக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். குடும்பம் பொய்ப் பெயர், பொய் அடையாள அட்டையோடு ஃப்ளாரன்ஸ் நகரில் ஒளிந்து வாழ்ந்தது. 1944 ஆகஸ்டில் நேச நாட்டுப் படைகள் அந்நகரை மீட்டபின் ரீட்டா அகதி முகாமில் டாக்டராக வேலை பார்த்தார். டைபாய்டு பரவி தினமும் சாவு. காப்பாற்ற மருந்து இல்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகு அவர் நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர் தொழிலுக்குத் திரும்பவே இல்லை.

இருவரும் சந்திக்கிறார்கள்

போர் முடிந்தது. பெல்ஜியப் பத்திரிகையில் வந்த கட்டுரையை செயின்ட் லூயிஸில் ஹாம்பர்கர் படித்தார். தன் முடிவை மறுத்து எழுதியவர் மீது கோபப்படவில்லை. வாருங்கள், சேர்ந்து பார்ப்போம் என்று 1946-ல் கடிதம் எழுதினார். 1947-ல் ரீட்டா கப்பலேறினார். அதே கப்பலில் டுல்பெக்கோவும் போனார். ஒரு செமஸ்டர் இருந்துவிட்டு வருவதாகப் பேச்சு. முப்பது வருடம் அங்கேயே வேலை பார்த்தார்.

இருவரும் சேர்ந்து 1949-ல் வெளியிட்ட கட்டுரையில் ரீட்டாவின் விளக்கம்தான் சரி என்று ஆனது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் அதில் இருந்தது. யாரும் எதையும் வெட்டாத சாதாரணக் கருவிலும் நரம்பு செல்கள் சாகின்றன. தண்டுவடத்துக்குப் பக்கத்தில் வரிசையாக இருக்கும் உணர்வு நரம்பு முடிச்சுகளில், கைகாலுக்குப் போகாத முடிச்சுகளில்தான் இந்தச் சாவு அதிகம். அதாவது எல்லா இடத்திலும் தாராளமாகச் செல்களை உண்டாக்கிவிட்டு, தேவைக்கு மேல் உள்ளதைச் சாக விடுவதுதான் உடல் கட்டப்படும் முறை. தண்டுவடம் கைகால் உள்ள இடத்தில் தடித்தும் மற்ற இடத்தில் மெலிந்தும் இருப்பதற்கு இது ஒரு காரணம். பல வருடம் கழித்து 1975-ல் ஹாம்பர்கர் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார். கோழிக் கருவில் காலுக்குப் போகும் இயக்க நரம்பு செல்களில் ஏறக்குறைய 40 சதவீதம் இயல்பாகவே இறந்துவிடுகின்றன.

சாவு என்பது வளர்ச்சியில் ஏற்படும் கோளாறு அல்ல, வளர்ச்சியின் ஒரு பகுதி. இன்று பாடப்புத்தகத்தில் சாதாரணமாக இருக்கும் இந்த வரி அன்று யாருக்கும் எளிதில் ஜீரணமாகவில்லை.

கட்டி சொன்ன செய்தி

சரி, செல்லை உயிரோடு வைக்கும் அந்தச் சோறு எது? இங்கே எல்மர் பூக்கர் வருகிறார். ஹாம்பர்கரின் பழைய மாணவர். வேகமாக வளரும் எந்தத் திசுவும் கைகால் மாதிரி நரம்புகளை ஈர்க்குமா என்று பார்க்க, சார்கோமா 180 என்ற சுண்டெலியின் புற்றுநோய்க் கட்டியை எடுத்துக் கோழிக் கருவில் ஒட்டினார். 1948-ல் வெளியான முடிவு: உணர்வு நரம்பு இழைகள் கட்டிக்குள் பாய்ந்து வளர்ந்தன, அந்த நரம்பு முடிச்சும் பெரிதாகியிருந்தது.

ரீட்டாவும் ஹாம்பர்கரும் இதைத் திரும்பச் செய்தபோது இன்னும் விசித்திரமாக இருந்தது. பரிவு நரம்பு முடிச்சுகள் பல மடங்கு வீங்கியிருந்தன. இழைகள் போகக்கூடாத உறுப்புகளுக்குள் எல்லாம் புகுந்திருந்தன, ரத்தக் குழாய்க்குள்கூட. அடுத்து, கட்டியைக் கருவைத் தொடாதபடி வெளிச்சவ்வின் மேல் வைத்தார்கள். ரத்த ஓட்டம் மட்டுமே தொடர்பு. அப்போதும் அதே விளைவு. ஆக, கட்டி ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது, அது ரத்தத்தில் கரைந்து வருகிறது.

இதுவரை எல்லாம் செல்லைப் பார்ப்பது. இனி மூலக்கூறைப் பிடிக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு முட்டை, பல நாள் என்றால் காலத்துக்கும் முடியாது. 1952 கடைசியில் ரீட்டா கட்டியுள்ள இரண்டு சுண்டெலிகளை எடுத்துக்கொண்டு பிரேசிலுக்கு விமானம் ஏறினார். ரியோ டி ஜனீரோவில் கார்லோஸ் சாகஸின் உயிர் இயற்பியல் நிறுவனத்தில் ஹெர்தா மேயர் இருந்தார். டூரினில் ஜுசெப்பே லெவியிடம் வேலை பார்த்து, நாஜிகளால் ஐரோப்பாவை விட்டுப் போனவர். திசுக்களைக் கண்ணாடியில் வளர்ப்பதில் கெட்டிக்காரர்.

நரம்பு முடிச்சு ஒன்றை எடுத்துக் கட்டித் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். முதலில் தோல்வி. பிறகு ஒரே நாளில் முடிச்சைச் சுற்றி எல்லாப் பக்கமும் இழைகள் கிளம்பி, சூரியனைச் சுற்றிக் கதிர்கள் மாதிரி நின்றன. ஒளிவட்டம் என்று பெயர் வைத்தார் ரீட்டா. ஒரு தொந்தரவும் இருந்தது. நோயில்லாத சுண்டெலியின் திசுவும் கொஞ்சம் ஒளிவட்டம் காட்டியது. அப்போது அது எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். பின்னால் அதற்கும் அர்த்தம் வந்தது.

வாரக்கணக்கில் ஆகும் சோதனை ஒரு நாள் சோதனையாகிவிட்டது. கரைசலை ஊற்று, மறுநாள் பார், ஒளிவட்டம் இருக்கிறதா இல்லையா. வேதியியல்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பாம்பு விஷத்தில் இருந்த விடை

1953-ல் அந்த வேதியியல்காரர் வந்து சேர்ந்தார். ஸ்டான்லி கோஹன், நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு தையல்காரரின் மகன். முனைவர் பட்டத்துக்காக மிச்சிகன் பல்கலைக்கழக வளாகத்தில் ராத்திரி ராத்திரியாக 5000-க்கும் மேற்பட்ட மண்புழுக்களைப் பொறுக்கியவர். ரீட்டாவுக்கு வேதியியல் தெரியாது, கோஹனுக்குக் கருவியல் தெரியாது. அதனால் ஒருவரை ஒருவர் தாண்டிப் போக முடியாது. நல்ல கூட்டணிக்கு இதுதான் இலக்கணம் போல.

1954-ல் கோஹன் கட்டிச் சாற்றிலிருந்து புரதமும் நியூக்ளிக் அமிலமும் கலந்த ஒரு பகுதியைப் பிரித்துவிட்டார். இரண்டில் வேலை செய்வது எது? அதே பல்கலைக்கழகத்திலிருந்த ஆர்தர் கோர்ன்பர்க் (டி.என்.ஏ. பற்றிய ஆய்வுக்காக 1959-ல் நோபல் வாங்கியவர்) ஒரு யோசனை சொன்னார். பாம்பு விஷத்தில் நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்கும் என்சைம் இருக்கிறது. கொஞ்சம் விஷத்தைக் கலந்து பார். ஒளிவட்டம் மறைந்தால் நியூக்ளிக் அமிலம், மறையாவிட்டால் புரதம்.

கலந்தார். ஒளிவட்டம் மறையவும் இல்லை, அப்படியே இருக்கவும் இல்லை. முன்னைவிட அடர்த்தியாக வந்தது! கட்டிச் சாறே இல்லாமல் விஷத்தை மட்டும் ஊற்றிப் பார்த்தார்கள். அப்போதும் ஒளிவட்டம். விஷத்தில் அந்தப் பொருள் கட்டியில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது.

பலர் இதைப் பரிசோதனைக் கோளாறு என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். கோஹன் யோசித்தார். பாம்பின் விஷப்பை என்பது என்ன? உருமாறிய எச்சில் சுரப்பிதானே. அப்படியானால் சுண்டெலியின் எச்சில் சுரப்பியில் என்ன இருக்கும்? பார்த்தால், வளர்ந்த ஆண் சுண்டெலியின் தாடைக்கீழ்ச் சுரப்பியில் அந்தப் பொருள் கொட்டிக் கிடந்தது. ரியோவில் தொந்தரவு செய்த சுண்டெலித் திசுவுக்கும் இப்போது விளக்கம் கிடைத்தது. கோஹன் அந்தப் பொருளைச் சுத்திகரித்து, அது புரதம் என்று உறுதி செய்தார். நரம்பு வளர்ச்சிக் காரணி, சுருக்கமாக என்.ஜி.எஃப்.

கடைசி ஆதாரம் ஒன்று பாக்கி இருந்தது. இந்தப் புரதத்தைச் சேர்த்தால் செல் வளர்கிறது, சரி. இயல்பான உடலுக்கு அது உண்மையிலேயே தேவையா? முயலில் என்.ஜி.எஃப்-க்கு எதிர்ப்புப் பொருள் உண்டாக்கி, அந்தச் சீரத்தைப் பிறந்த சுண்டெலிக் குட்டிகளுக்கு ஊசி போட்டார்கள். பரிவு நரம்பு முடிச்சுகள் ஏறக்குறைய காணாமலே போயின. 1960-ல் இது வெளியானது. படுக்கையறையில் இறக்கை மொட்டை வெட்டியபோது தொலைந்த சோறு இதுபோன்ற ஒன்றுதான் என்பதில் இனி சந்தேகமில்லை.

இடையில் கோஹனுக்கு அந்தத் துறையில் நிரந்தர வேலை தர முடியாத நிலை. 1959-ல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். போகும்போது இன்னொரு புதிரையும் எடுத்துக்கொண்டு போனார். எச்சில் சுரப்பிச் சாற்றை ஊசி போட்ட குட்டிகள் வழக்கத்தைவிட ஒரு வாரம் முன்பே கண் திறந்தன. அது என்.ஜி.எஃப்-இன் வேலை அல்ல. அதைத் துரத்திப் பிடித்ததுதான் மேல்தோல் வளர்ச்சிக் காரணி. புற்றுநோய் மருந்துகள் பலவற்றுக்கு அடிப்படை அந்தப் பாதைதான்.

இதனால் என்ன பயன்?

நண்பர்கள் எப்போதும் கேட்கும் கேள்வி. 1971-ல் என்.ஜி.எஃப்-இன் அமினோ அமில வரிசை தெரிந்தது. 1982-ல் பார்ட், தோனென் இருவரும் பன்றி மூளையிலிருந்து இன்னொரு காரணியைப் பிரித்தார்கள். ஒவ்வொரு வகை நரம்பு செல்லுக்கும் அதனதன் காரணிகள் உண்டு என்பது தெரியவந்தது. 1991-ல் என்.ஜி.எஃப்-ஐப் பிடித்துக்கொள்ளும் ட்ர்க்-ஏ என்ற ஏற்பி அடையாளம் காணப்பட்டது.

1996-ல் மனிதர்களிடமே நேரடிச் சான்று வந்தது. வலியே தெரியாமல், வியர்வையும் வராமல் பிறக்கும் குழந்தைகள் மிக அரிதாக உண்டு. நாக்கைக் கடித்துக்கொண்டாலும் எலும்பு முறிந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. அவர்களிடம் கெட்டுப்போயிருந்தது அந்த ட்ர்க்-ஏ ஏற்பிக்கான மரபணுதான். ஏற்பி இல்லை, அதனால் என்.ஜி.எஃப் இருந்தும் பயனில்லை, வலியை உணரும் நரம்பு செல்கள் கருவிலேயே இறந்துவிட்டன. வியர்வைச் சுரப்பிக்குப் போகும் பரிவு நரம்புகளும் போய்விட்டன. கோழிக் கருவில் பார்த்த அதே கதை.

மருந்தாக்கும் முயற்சிகள் எல்லாம் ஜெயிக்கவில்லை. அல்சைமர் நோயாளிகள் சிலரின் மூளைக்குள் என்.ஜி.எஃப் செலுத்திப் பார்த்தபோது வலியும் எடைக் குறைவும் வந்து நிறுத்த வேண்டியதாயிற்று. மூட்டுவலிக்கு என்.ஜி.எஃப்-ஐத் தடுக்கும் டனெசுமாப் என்ற மருந்து வலியைக் குறைத்தது. ஆனால் சிலருக்கு மூட்டே வேகமாகத் தேய்ந்ததால் 2021-ல் கைவிடப்பட்டது. ஜெயித்தது ஒரு கண் சொட்டு மருந்து. கருவிழியின் நரம்பு கெட்டு ஆறாத புண் வருபவர்களுக்கு, என்.ஜி.எஃப்-ஐயே சொட்டு மருந்தாக 2017-ல் ஐரோப்பாவிலும் 2018-ல் அமெரிக்காவிலும் அனுமதித்தார்கள். முதல் பரிசோதனையிலிருந்து கணக்குப் போட்டால் எண்பது வருடத்துக்கும் மேல்!

விடைத்தாளில் இல்லாத பெயர்

1986-ல் மருத்துவ நோபல் பரிசு ரீட்டாவுக்கும் கோஹனுக்கும் கிடைத்தது. ஒரு பரிசை மூன்று பேர் வரை பகிரலாம் என்பது விதி. அந்த வருடம் இரண்டு பேருக்குத்தான் கொடுத்தார்கள். மூன்றாவது நாற்காலி காலியாகவே இருந்தது. ஹாம்பர்கருக்கு அப்போது வயது 86, உயிரோடுதான் இருந்தார்.

நியாயமா? அன்றே பல விஞ்ஞானிகள் இது அநியாயம் என்றார்கள். கேள்வியைக் கேட்டது அவர், பரிசோதனை முறை அவருடையது, ரீட்டாவை அழைத்தது அவர், பூக்கர் அவர் மாணவர், கோஹனைச் சேர்த்ததும் அவர் துறைதான். எதிர்த்தரப்பும் இருக்கிறது. பரிசு வளர்ச்சிக் காரணிகளைக் கண்டுபிடித்ததற்கு, வேதியியல் ஆரம்பித்ததும் ஹாம்பர்கர் தானே விலகிக்கொண்டார், ஒளிவட்டமும் புரதமும் மற்ற இருவர் உழைப்பு என்கிறார்கள். ரீட்டாவுக்கும் அவருக்கும் இடையில் பின்னாளில் கசப்பு வந்தது என்பதும் உண்மை. 1989-ல் அமெரிக்க அரசு அவருக்குத் தேசிய அறிவியல் பதக்கம் கொடுத்தது. 2001-ல், 100 வயதில் காலமானார். ரீட்டா அதே 2001-ல் இத்தாலியில் ஆயுட்கால செனட்டர் ஆனார், 2012-ல் 103 வயதில் மறைந்தார். கோஹன் 2020-ல் மறைந்தார்.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ரீட்டா இல்லாமல் இந்தக் கதை இல்லை, அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. படுக்கையறையில் உட்கார்ந்து நாள் நாளாக வரிசை வைத்துப் பார்க்கும் பொறுமை வேறு யாருக்கும் வரவில்லை. ஆனால் தன் விளக்கம் தப்பு என்று எழுதியவரைக் கடல் கடந்து கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்து, தப்புதான் என்று சேர்ந்தே கட்டுரை எழுத ஒரு மனசு வேண்டும். அதற்கு நோபல் கிடையாது. அந்த மனசு அவருக்கு இல்லாமல் போயிருந்தால், பெல்ஜியப் பத்திரிகையில் வந்த அந்தக் கட்டுரையை யாராவது இன்று படித்துக்கொண்டிருப்போமா?

அடுத்த முறை அந்த ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தால் ஆறு வரி எழுதப் போகிறேன். ஆறாவது வரிக்கு மதிப்பெண் இல்லை என்று தெரியும்.

பிழை ஏதும் கண்ணில் பட்டால் தயங்காமல் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். ஹாம்பர்கரே திருத்திக்கொண்டார், நான் எம்மாத்திரம்!